நக்கிப் பார்த்த கல்

அந்த அடுப்பைக் கொஞ்சம் தணியுங்கள். அது போடுகிற இரைச்சலில் நான் கத்த வேண்டியிருக்கிறது, இது கத்திச் சொல்கிற கதை இல்லை. கூடாரத்துத் துணியை இழுத்துவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு மத்தியானம் உங்களில் இரண்டு பேர் கல்லை எடுத்து நக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன். யாரென்று சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். ஆனால் அதைப் பார்த்தபிறகு எனக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை. சொல்லித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

இது என் சிநேகிதன் ரிகோவின் அக்கா புருஷனுக்கு நடந்தது. அவர் பெயர் உபால்தோ. ரிகோ பொய் சொல்கிறவன் இல்லை. பொய் சொல்வதற்கு வேண்டிய கற்பனை அவனுக்குக் கிடையாது.

திங்கட்கிழமை. சாயங்காலம் ஆறரை மணி...

அந்தோஃபகாஸ்தா நகரத்திலிருந்து வரும் பெரிய சாலையை விட்டுப் பிரிந்து ஃபிதேலியாவுக்குப் போகும் மண்பாதை. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஒரு முள்செடி இல்லை. ஒரு ஈ இல்லை. எதிரே வண்டி வந்து யாரும் பார்த்ததில்லை. அதில் ஒரே ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேர். ஓட்டியவர் தோன் எர்மோ, அறுபது வயது, இந்தப் பொட்டலிலேயே பிறந்து வண்டி ஓட்டிப் பிழைத்தவர். பின்சீட்டில் யஸ்னா. எலும்பு, பல், மண்டையோடு என்று படித்துவிட்டு அப்புறம் கிருமிகளின் பக்கம் வந்தவள். முன்சீட்டில் உபால்தோ.

உபால்தோவின் வேலை உங்கள் வேலைதான். மழையே பார்க்காத மண்ணில் எது உயிரோடு இருக்கிறது, எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று தேடித் திரிவது. உப்புக்கல்லைப் பிளந்தால், மேல்தோலுக்குக் கொஞ்சம் கீழே, நகத்தழுக்கு மாதிரி மெல்லிய பச்சைக் கோடு ஓடுமே... காற்றில் இருக்கிற ஈரத்தை உப்பு உறிஞ்ச, அதைக் குடித்துப் பிழைக்கிற உயிர். ஃபிதேலியாவில் அந்தக் கோட்டை யாரும் கண்டதில்லை. அங்கே காற்றில்கூட ஈரம் இல்லை, ஆகவே உயிரும் இல்லை என்று எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள். உபால்தோ மட்டும் இருக்கிறது என்றார். ஐந்து வருடம் அதையே சொன்னார். ஒன்பது தடவை போய் வெறுங்கையோடு திரும்பினார். இது பத்தாவது தடவை. இதிலும் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

ஃபிதேலியா வெடியுப்பு வெட்டிய காலத்து ஊர். நூறு வருடமாக ஆள் கிடையாது. வீடுகளின் பலகையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது இடுகாடு ஒன்றுதான். அதையும் திருடர்கள் தோண்டிப் போட்டிருந்தார்கள். மோதிரத்துக்கும் தங்கப் பல்லுக்கும் ஆசைப்பட்டு மூடியைத் திறந்தவர்கள் திரும்ப மூடவில்லை. உள்ளே இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள், தலைமுடியோடு, நகத்தோடு. மக்குவதற்கும் ஈரம் வேண்டுமே. அவர்களில் பாதிப்பேர் தாகத்தில் போனவர்கள். தண்ணீர் கொண்டுவருகிற ரயில் ஒரு தடவை பதினோரு நாள் வரவில்லையாம்.

அதனால் இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த இடுகாட்டை ஒட்டி நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தால், முதல் வாய் மண்ணுக்கு. அதற்கப்புறம்தான் தனக்கு. தோன் எர்மோ வண்டியை நிறுத்தி இறங்கினார், முதுகை நிமிர்த்தினார், பாட்டில் மூடியைத் திருகினார்.

"தோன் எர்மோ! மூடுங்க அதை!" உபால்தோ வண்டிக்குள்ளிருந்தே கத்தினார்.

"என்ன டாக்டரே, ஒரு வாய்த் தண்ணி."

"ஒரு வாய் இல்ல, ஒரு சொட்டுகூட விழக் கூடாது. இந்த மண்ணுல இருக்கறதெல்லாம் செத்துப்போனது இல்ல. காஞ்சு போயிக் கிடக்கு, அவ்வளவுதான். ஒரு சொட்டு பட்டாப் போதும், எழுந்துக்கும். அப்புறம் என் கணக்கு மொத்தமும் நாசம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றார் தோன் எர்மோ. "காஞ்சு கிடக்கறவன் பக்கத்துல நின்னு நான் மட்டும் மடக்கு மடக்குனு குடிக்கறதா? எனக்கு இறங்காது டாக்டரே."

"அப்ப வண்டிக்குள்ள உக்காந்து குடிங்க."

தோன் எர்மோ குடிக்கவே இல்லை. பாட்டிலை மூடிச் சீட்டுக்கு அடியில் எறிந்தார். உபால்தோவுக்கு அது கொஞ்சம் உறைத்தது. ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைக் குறிக்க வேண்டும், அதனால் கண்டுகொள்ளவில்லை.

இடுகாட்டுச் சுவரிலிருந்து முந்நூறு அடி தள்ளி ஒரு சதுரத்துக்கு நூல் கட்டினார்கள். பத்தடிக்குப் பத்தடி. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கற்கள். அவற்றுக்கு நடுவில் விரல் அளவு ஈரமானிகள் ஆறைப் பதித்தார்கள். எழுபத்திரண்டு மணி நேரம் அவை காற்றின் ஈரத்தைக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடம் உண்மையிலேயே வறண்டதுதான் என்று அவை சொன்னால்தான், கிடைக்கிற பச்சைக் கோட்டுக்கு மதிப்பு. எச்சில் துப்பக்கூடப் பாட்டில் வைத்திருந்தார்கள். மற்றதற்கும் பாட்டில்தான்... உங்களுக்குத் தெரியாததா.

நேரம் எட்டாகப் போகிறது. சூரியன் விழுந்த உடனே குளிர் இறங்கியது. உப்புக் கற்கள் சுருங்கி வெடிக்கிற சத்தம் நாலா பக்கமும். டிக்... டிக்... டிக்... உபால்தோ மண்டியிட்டுக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அந்த வெளிச்சத்தில் உப்பும் ஜிப்சமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அதற்கு நம் ஆட்களிடம் இருக்கிற ஒரே வழி நாக்கு. சுரீர் என்றால் உப்பு. சப்பென்று இருந்தால் ஜிப்சம். இருபது வருடமாக அவர் அப்படித்தான் பார்க்கிறார். நுனி நாக்கு பட்டதும் துணியால் துடைத்து வைத்துவிடுவார், அது கணக்கில் சேராது என்பது அவர் நியாயம். வெளியூர் போய்த் திரும்பினால் மூன்று தடவை பல் விளக்காமல் பக்கத்தில் வராதே என்பாளாம் அவர் மனைவி நியேவெஸ். அப்போதே அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

பதினோரு கல் ஆயிற்று. பன்னிரண்டாவது, உள்ளங்கையில் பாதி இருக்கும். வெள்ளை. லேசு. மேலே உப்புப் பொரிந்திருந்தது. ஒரு பக்கம் குழிவு. நக்கினார்.

நாக்கு ஒட்டிக்கொண்டது...

எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அந்தக் குழிவில் நாக்கு அப்படியே பொருந்தி, யாரோ உள்ளிருந்து உறிஞ்சுகிற மாதிரி இழுத்தது. வாயில் இருந்த எச்சில் மொத்தமும் ஒரு நொடியில் வற்றியது. 'ம்ம்... ம்ம்...' என்று முனகிக்கொண்டே இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினார். பிடுங்கியதில் நாக்கின் தோல் ஒரு துண்டு அதிலேயே நின்றுவிட்டது. ரத்தம் தாடையில் வழிந்தது. தரையில் விழுந்துவிடக் கூடாதே என்று மனிதர் அந்த நேரத்திலும் சட்டையால் ஏந்திப் பிடித்தார்.

யஸ்னா ஓடிவந்து டார்ச் அடித்தாள். கல்லைத் திருப்பிப் பார்த்தாள்.

"உபால்தோ... இது கல்லு இல்ல. எலும்பு. எலும்புதான் நாக்குல இப்படி ஒட்டும்."

"ஏதாவது மிருகமா, லாமா எலும்பா?"

"மனுஷன். பாருங்க, இங்க பல்லுக் குழி ரெண்டு. இது மேலண்ணம். வாயோட கூரை."

கேட்டீர்களா? செத்தவன் ஒருவனின் வாய்க்குள் நாக்கை விட்டிருக்கிறார். உபால்தோ அந்த இடத்திலேயே ஓங்கரித்தார். வாந்தியும் பாட்டிலுக்குள்தான். வாயில் உப்புச் சுவை இல்லை, ரத்தச் சுவையும் இல்லை. பழைய பூச்சாடியில் தண்ணீர் நின்று நாறுமே, அந்த நாற்றம் சுவையாக இருந்ததாம். எவ்வளவு கொப்பளித்தும் அது போகவில்லை.

தோன் எர்மோ நூலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இப்போது கேலி பண்ணவில்லை.

"டாக்டரே, நூறு வருஷமா அவனுக்கு ஒருத்தனும் ஒரு சொட்டு குடுக்கல. நீங்க ருசி காட்டிட்டீங்க. ருசி காட்டிட்டு நிறுத்தக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணி அது மேல ஊத்துங்க. வயிறு நெறஞ்சா விட்டுருவான்."

"நூலுக்குள்ள ஒரு சொட்டு விழக் கூடாது," என்றார் உபால்தோ. நாக்கு வீங்கிப் பேச்சுக் குழறியது.

"அப்ப அதை எடுத்து வெளிய வெச்சு ஊத்தலாம்."

"நாம பிளக்கற கல்லைத் தவிர எதுவும் நகரக் கூடாது. எல்லாம் இருந்த இடத்துல இருக்கணும். வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணி வரைக்கும். அப்புறம் குளமே வெட்டுங்க, யாரு கேக்கறா?"

எலும்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அதில் ஒட்டியிருந்த தன் தோலோடு சேர்த்துத்தான்.

அந்த ராத்திரி அவருக்குத் தாகம் எடுத்தது. சும்மா தாகம் இல்லை. ஒரு பாட்டில் குடித்தார். இன்னொன்று குடித்தார். தண்ணீர் தொண்டை வரைக்கும் வந்தது தெரிந்ததே தவிர, வயிற்றுக்குப் போனது தெரியவில்லை. அசந்து தூங்கியவருக்கு நடுவில் விழிப்பு வந்தது. சத்தம். சரக்... சரக்... மணல்தாளை மரத்தில் தேய்ப்பது போல. கூடாரத்துத் துணிதான் உரசுகிறது என்று நினைத்தார். காற்றே இல்லை. காதைப் பொத்திக்கொண்டார். பொத்தியபிறகு சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது. அவர் வாய்க்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

விடிந்து பார்த்தால் உதடு வெடித்து, வாய் முழுக்க நறநறவென்று மண். முழங்காலில் உப்பு அப்பியிருந்தது. நேற்று மண்டியிட்டதுதான் என்று தட்டிவிட்டுக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அது கிடைத்தது.

எலும்பு கிடந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு உப்புக்கல். யஸ்னா உளியை வைத்துத் தட்டினாள். இரண்டாகப் பிளந்தது. இருவரும் குனிந்தார்கள். மேல்தோலுக்குக் கீழே... மயிரிழை மாதிரி... பச்சை.

யஸ்னா அழுதுவிட்டாள். உபால்தோ அவளைக் கட்டிப்பிடிக்கப் போய், தன் வாய் நாறுவது ஞாபகம் வந்து, நின்றுவிட்டார். ஐந்து வருடம்! பூமியிலேயே வறண்ட மூலை என்று எல்லாரும் கைவிட்ட இடத்தில் உயிர். இனி ஈரமானிகள் மட்டும் தங்கள் எழுபத்திரண்டு மணி நேரத்தை முடித்தால் போதும். அதன்பின் யாரும் அவரை அசைக்க முடியாது.

தோன் எர்மோ மத்தியானம் ரொட்டியும் உப்புக்கண்டமும் எடுத்து வைத்தார். உபால்தோ ஒரு துண்டைக் கடித்தார். காய்ந்த இறைச்சி நாக்கின்மேல் பட்டது. உடனே துப்பிவிட்டார்.

"என்ன டாக்டரே, உப்பு அதிகமா?"

"இல்ல... ஒண்ணுமில்ல." அந்தத் துண்டு வாயில் பட்டபோது அது தெரிந்த பொருளாக இருந்தது. ராத்திரி முழுக்க வாயில் கிடந்தது அதே மாதிரி ஒன்றுதான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

இரண்டாவது ராத்திரி தூங்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தார். ஒரு மணி வரைக்கும் தாக்குப்பிடித்தார். பிறகு கண் சொருகியது...

விழித்தபோது வாயில் இரண்டு நாக்கு இருந்தது.

ஒன்று அவருடையது. வீங்கி, சுட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் இன்னொன்று படுத்திருந்தது. காய்ந்தது. விறைப்பாக, ஓரம் சுருண்டு, சொரசொரப்பாக. அது மெதுவாக நகர்ந்தது. சரக்... கன்னத்தின் உட்புறத்தை ஒரு தரம் துடைத்தது. ஈறைத் துடைத்தது. நாக்கின் அடியில் எச்சில் ஊறுகிற இடத்தைத் தேடிப் போய் அங்கேயே நின்றது. அவருக்குக் கத்த வேண்டும். வாயைத் திறந்தால் அது வெளியே எட்டிப் பார்த்துவிடுமோ என்று பயம். கையை வாய்க்குள் விட்டார். விரல் நுனியில் ஏதோ பட்டது. பட்டதும் அது தொண்டைக்குள் பின்வாங்கியது.

வண்டியின் கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரே ஒரு நாக்கு. தோல் உரிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவ்வளவுதான். விரலை முகர்ந்து பார்த்தார். பூச்சாடி நாற்றம். அந்த விரலை வண்டிச் சக்கரத்தில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாராம், நகக்கண்ணில் ரத்தம் வரும் வரைக்கும்.

எனக்கே சொல்லும்போது குமட்டுகிறது. இருங்கள், ஒரு நிமிஷம்...

ம். புதன்கிழமை காலையில் யஸ்னா தண்ணீர்க் கேன்களைத் தூக்கிப் பார்த்தாள். ஆறு கேன் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று காலி.

"உபால்தோ, யாரு இவ்வளவு குடிச்சது?"

"நான்தான்."

"அறுபது லிட்டரா? ரெண்டு ராத்திரியிலயா? வயிறு வெடிச்சிருக்கும். ஒண்ணுக்குப் பாட்டில் எங்க? காலியா இருக்கு!"

அது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளாக அவர் ஒரு தடவைகூடப் போகவில்லை. குடித்தது எங்கே போயிற்று?

"கிளம்பலாம், இப்பவே," என்றாள். "கல்லு கிடைச்சிருச்சு. போதும்."

"கல்லு மட்டும் போதாது யஸ்னா. இடம் வறண்டதுனு ஆதாரம் இல்லாம, எவனோ தண்ணி சிந்தினான், அதுல முளைச்சதுனு ஒரே வார்த்தையில தூக்கிப் போட்டுருவாங்க. நாளைக்கு ராத்திரி எட்டு மணி. அவ்வளவுதான். அதுவரைக்கும் தாங்குவேன்."

தோன் எர்மோ கையில் ஒரு பாட்டிலோடு வந்தார். கெஞ்சினார். அந்த மனிதர் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை.

"இந்த ஒரு பாட்டில். அந்த எலும்பு மேல மட்டும். உங்க மெஷினை ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடிக்கறேன். நான் சொல்றத இந்த ஒரு தடவை கேளுங்க, டாக்டரே. அவன் கேக்கறது தண்ணி மட்டும்தான். குடுக்கலைனா அவனே எடுத்துக்குவான்."

உபால்தோ பாட்டிலைப் பார்த்தார். வாயைப் பற்றி நினைத்தார். ஒரு விநாடி கை நீண்டது. பிறகு நூலுக்குள் இருந்த அந்தக் கற்களைப் பார்த்தார், அவற்றில் எத்தனைக்குள் பச்சைக் கோடு இருக்குமோ என்று. கையை மடக்கிக்கொண்டார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு," என்றார்.

மூன்றாவது ராத்திரி தன் கணுக்காலைக் கூடாரக் கம்பத்தோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். வாயில் ஒரு துணியைத் திணித்துக்கொண்டார். எதுவும் உள்ளே வரக் கூடாது, எதுவும் வெளியே போகக் கூடாது. துணி நாலு நிமிஷத்தில் காய்ந்து கட்டையாகிவிட்டது.

வியாழக்கிழமை விடிகிற நேரம். தோன் எர்மோ ஒதுங்குவதற்காக எழுந்தவர், நூல் கட்டிய இடத்தில் ஏதோ அசைவதைப் பார்த்தார். நாய் என்று நினைத்தாராம். அந்தப் பக்கத்தில் ஏது நாய்? டார்ச்சை அடித்தார்.

உபால்தோ நூலுக்குள் நாலு காலில் நின்றிருந்தார். கணுக்காலில் அறுந்த கயிறு. கண் மூடியிருந்தது, குறட்டைகூட வந்துகொண்டிருந்தது. மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் தூங்கவில்லை. நாக்கை முழு நீளத்துக்கு நீட்டி ஒரு கல்லை நக்கினார். சரக்... அடுத்த கல். சரக்... அப்புறம் அடுத்தது. ஒன்றையும் விடவில்லை. நாக்கு கந்தலாகித் தொங்கியது. கற்கள் மேல் ரத்தமும் எச்சிலும், வழவழவென்று, நூல் நூலாக... நக்கிய ஒவ்வொரு கல்லிலும் தோல் துணுக்கு ஒட்டியிருந்தது. அந்த இடமே ஈரமாக மின்னியது.

"யஸ்னா!" என்று தோன் எர்மோ போட்ட சத்தத்தில் உபால்தோ விழித்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும், தான் இருக்கிற கோலத்தைப் பார்த்து அல்ல, கற்களின் ஈரத்தைப் பார்த்து ஐயோ என்று அலறினார்.

யஸ்னா ஈரமானிகளைப் பிடுங்கிக் கணினியில் போட்டாள். கோடு வந்தது. திங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ஈரம் ஏறியிருக்கிறது, நாலு மணிக்கு இறங்கியிருக்கிறது. செவ்வாய் ராத்திரி இரண்டு மணிக்கு, அதே மாதிரி. புதன் ராத்திரியும் ஏறியிருக்கிறது, அது இன்னும் இறங்கவே இல்லை. மூன்று ராத்திரியும் வந்திருக்கிறார். ஒரு சொட்டு விழக் கூடாது என்று காத்த இடத்தில் வாளி வாளியாகத் தன் எச்சிலையே கொட்டியிருக்கிறார். கல் எல்லாம் மனித வாயின் கிருமி. கணக்கு எல்லாம் பொய். பச்சைக் கோடு உண்மைதான், ஆனால் இனி அதை ஒரு ஆள் நம்ப மாட்டான்.

ஐந்து வருடம். எட்டு மணி ஆவதற்கு இன்னும் பதினாலு மணி நேரம்தான் பாக்கி இருந்தது.

உபால்தோ எழுந்தார். வண்டிக்குப் போய் நிறைந்த கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நூலைக் காலால் எத்தி அறுத்தார். அந்த எலும்பின் மேல் கேனைக் கவிழ்த்தார்.

"குடி! சனியனே, குடிச்சுத் தொலை! இதுக்குத்தானே... குடி!"

இருபது லிட்டரும் காலியாயிற்று. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த மண்ணை உங்களுக்குத் தெரியும். ஒரு வாளி ஊற்றினால் சொர்ர் என்று சத்தம் போட்டு உறிஞ்சிவிடும், நாம் வாளியைக் கீழே வைப்பதற்குள் காய்ந்துவிடும். அன்றைக்கு உறிஞ்சவில்லை. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி அப்படியே நின்றது. ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்... ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. நாக்கைப் பிய்த்து எடுத்த அந்த எலும்பு, ஈரமே ஒட்டாமல் அதன் மேல் மிதந்துகொண்டிருந்தது.

தோன் எர்மோ தொப்பியைக் கழற்றினார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"இங்க குடிக்க யாரும் இல்ல, டாக்டரே," என்றார் மெதுவாக.

அவரும் யஸ்னாவும் ஒரே நேரத்தில் திரும்பி உபால்தோவின் வாயைப் பார்த்தார்கள். உபால்தோ வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து மூன்று மாதத்தில் வேலை போயிற்று. நாக்கு எப்படியோ ஆறிவிட்டது. டாக்டர்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ராத்திரி எழுந்து நடப்பதும் நின்றுவிட்டது. இனி அலைய வேண்டிய அவசியம் அதற்கு இல்லை போலிருக்கிறது. நியேவெஸ் அடுத்த அறையில் படுக்கிறாள். ஏன் என்று ரிகோ அக்காவைக் கேட்டான். "அவர் நல்லாத்தான் இருக்கார்டா. எனக்குத்தான் பக்கத்துல போனா வாந்தி வருது," என்றாளாம்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை ரிகோ அங்கே சாப்பிடப் போயிருந்தான். மேசைக்கு எதிரே மச்சான் உட்கார்ந்திருந்தார். நன்றாகப் பேசினார், சிரித்தார். பேச்சுக்கு நடுவில் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். குரல்வளை ஏறி இறங்கியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். வாய் திறந்திருக்கிறது, வார்த்தை வந்துகொண்டிருக்கிறது...

அந்தத் தொண்டை இன்னொரு தரம் விழுங்கியது.